குடும்பப்பெயரின் பெரிய எழுத்துகள்: ஒரு விரிதாள் திருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

பல நாட்டினர் கலந்துகொண்ட ஒரு பயிற்சி முகாமுக்குப் பெயரட்டைகளும் சான்றிதழ்களும் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்டியலில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெயர்கள் இருந்தன. எக்செல் விரிதாளில் குடும்பப்பெயர் இருந்த நெடுவரிசை பார்க்கவே கலவையாக இருந்தது. சில பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்துகளில், சில முழுவதும் சிறிய எழுத்துகளில், சில சரியான வடிவில். ஒரே சூத்திரத்தில் அனைத்தையும் சீராக்கினேன். அச்சும் ஆனது. முதல் நாள் காலையில் ஒருவர் தன் பெயரட்டையைப் பேனாவால் திருத்தி அணிந்திருந்ததைக் கண்டபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. நான்காவது எழுத்தின் மேல் பெரிய எழுத்தை அழுத்தி எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

சான்றிதழ்கள் அச்சுக்குப் போக நான்கு நாட்கள் மீதம் இருந்தன. அந்த நான்கு நாட்களில் பட்டியலை எப்படி மீட்டோம், எங்கே சூத்திரம் உதவியது, எங்கே உதவாது என்பதை இங்கே எழுதுகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதனால் ரோமன் எழுத்துப் பெயர்களில் அந்த வேறுபாட்டை நம்மில் பலர் அலங்காரமாகவே பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். அது பெயரின் எழுத்துக்கூட்டலில் ஒரு பகுதி. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ல' போட்டால் நமக்கு எப்படி உறுத்துமோ, அவர்களுக்கு அப்படி உறுத்துகிறது.

கீழே சூத்திரங்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விரிதாளில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். ஏ, பி, சி என்பவை நெடுவரிசைகள்.

முதல் முயற்சி செய்த சேதம்

நான் போட்டது எல்லோரும் போடும் சூத்திரம்:

=ப்ராப்பர்(ஏ2)

இந்தச் செயல்பாட்டின் விதி மிக எளிமையானது. முதல் எழுத்தைப் பெரிதாக்கும். எழுத்து அல்லாத எந்தக் குறிக்கும் அடுத்து வரும் எழுத்தையும் பெரிதாக்கும். மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கும். இதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. பெயர், மொழி, நாடு எதுவும் அதன் கண்ணில் படுவதில்லை.

இந்த விதி பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஓ'பிரையன் என்ற பெயரில் அபாஸ்ட்ரஃபிக்கு அடுத்த பி பெரிதாகிறது. அது சரி. இணைப்புக்கோட்டால் சேர்ந்த இரட்டைப் பெயர்களில் இரண்டு பகுதிகளும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. அதுவும் சரி. ஆனால் மெக்கார்ட்னி போன்ற பெயரில் எம் பெரியது, சி சிறியது, அடுத்த சி மீண்டும் பெரியது. நடுவில் எந்தக் குறியும் இல்லாததால் அந்த இரண்டாவது சியை ப்ராப்பர் சிறிதாக்கிவிடும். டிகாப்ரியோவின் நடு சிக்கும் இதே கதி. பெயருக்குப் பின்னால் 'மூன்றாமவர்' என்பதைக் குறிக்க வரும் ரோமன் எண்ணில் மூன்று ஐ-களும் பெரியவை. ப்ராப்பர் முதல் ஐ-யை மட்டும் விட்டுவைக்கும்.

விதி எவ்வளவு கண்மூடித்தனமானது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு வான் 'ட் ஹோஃப். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற டச்சு அறிஞர். அவர் பெயரின் நடுவில் அபாஸ்ட்ரஃபியும் ஒற்றைச் சிறிய டியும் தனியாக நிற்கும். ப்ராப்பர் வழியாக அனுப்பினால் முன்னால் உள்ள வி பெரிதாகும், அந்த ஒற்றை டியும் பெரிதாகும். ஒரே பெயரில் இரண்டு பிழைகள்.

ஆனால் உண்மையான சேதம் இந்தப் பிழைகளில் இல்லை. இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்ததில் இருந்தது. ஒன்று, சரியாக இருந்த வரிகளின் மேலும் சூத்திரத்தை ஓட்டினேன். இரண்டு, விடையை 'மதிப்புகளாக ஒட்டு' என்று மூல நெடுவரிசையின் மேலேயே ஒட்டிச் சேமித்துவிட்டேன். தங்கள் பெயரைத் தாங்களே கவனமாகத் தட்டச்சு செய்திருந்தவர்களின் எழுத்துகளை என் கையால் அழித்திருந்தேன். பேனாவால் திருத்தியவரும் அவர்களில் ஒருவர். அவர் பதிவுப் படிவத்தில் சரியாகவே எழுதியிருந்தார்.

பட்டியல் எங்கிருந்து வந்தது

மூலக் கோப்புகளைத் திரும்பப் பெற்றோம். மூன்று இருந்தன. எந்தப் பெயர் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைத் தனி நெடுவரிசையில் குறித்தோம். திருத்த வேலையில் எங்களுக்கு மிகவும் உதவியது இந்த ஒரு நெடுவரிசைதான்.

முதல் கோப்பு இணையப் பதிவுப் படிவம். அவரவர் தட்டச்சு செய்தது. பெரும்பாலும் நம்பத்தக்கது. கைபேசியில் அவசரமாக எழுதியவர்கள் சிலர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் விட்டிருந்தார்கள்.

இரண்டாவது கோப்பு கணக்குப் பிரிவின் மென்பொருளிலிருந்து வந்தது. எல்லாப் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன.

மூன்றாவது கோப்புதான் கடினமானது. கடவுச்சீட்டுகளை வருடி எடுத்த பட்டியல் அது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும் அல்லவா, அவற்றின் அமைப்பை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம் வரையறுக்கிறது. அங்கே ஏ முதல் இசட் வரையிலான பெரிய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரு நிரப்புக் குறிக்கும் மட்டுமே இடம். அபாஸ்ட்ரஃபி விடப்படும். இணைப்புக்கோடு நிரப்புக் குறியாக மாறும். ஆகவே ஓ'பிரையன் என்ற பெயர் அங்கே இடைக்குறி இல்லாமல் ஒரே சொல்லாக வந்து சேர்கிறது. ப்ராப்பர் ஓ-வை மட்டும் பெரிதாக்கும். பி பெரிதாக வேண்டும் என்பதற்கான தடயம் அந்த வரியில் இல்லை.

ஜெர்மன் பெயர்களில் இழப்பு இன்னும் ஆழமானது. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் பெயர் இரண்டு எஸ்ஸில் முடிகிறது. அரசியல்வாதி ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ராஸின் பெயர் 'எஸ்ட்செட்' என்ற தனி ஜெர்மன் எழுத்தில் முடிகிறது. அந்த எழுத்துக்குப் பெரிய வடிவம் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டதே 2017இல்தான். அதுவரை பெரிய எழுத்தில் எழுதும்போது இரண்டு எஸ் போடுவதே வழக்கம். கடவுச்சீட்டின் இயந்திர வரியிலும் அப்படித்தான். ஆக இருவரின் குடும்பப்பெயரும் பெரிய எழுத்தில் ஒன்றேதான். அதிலிருந்து திரும்பும் பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பாதையில் போக வேண்டும் என்று சூத்திரத்துக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த மனிதருக்கு மட்டுமே தெரியும்.

கேள்வியை மாற்றிக்கொண்டோம்

'எல்லாப் பெயரையும் எப்படிச் சரியாக்குவது' என்பதை விட்டு, 'எந்த வரிகள் தகவலை இழந்துவிட்டன' என்று கேட்கத் தொடங்கினோம். முழுவதும் பெரியதாகவோ முழுவதும் சிறியதாகவோ உள்ள பெயர், தன் வடிவத்தை இழந்த பெயர். பெரியதும் சிறியதும் கலந்து வந்திருந்தால் யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அதைத் தொடக்கூடாது.

பெயரை அதன் முழுப் பெரிய வடிவோடும் முழுச் சிறிய வடிவோடும் ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம்:

=ஆர்(எக்ஸாக்ட்(பி2,அப்பர்(பி2)),எக்ஸாக்ட்(பி2,லோயர்(பி2)))

இங்கே சமக்குறி உதவாது. விரிதாளில் சமக்குறியால் ஒப்பிட்டால் பெரியதும் சிறியதும் ஒன்றாகவே கருதப்படும். எண்ணவும் தேடவும் பயன்படும் கவுண்ட்இஃப், விலுக்அப், மேட்ச் ஆகியவையும் 'நகல்களை நீக்கு' கட்டளையும் அப்படியே. அதனால்தான் இந்த வகைப் பிழை ஒப்பீடுகளில் அகப்படாமல் அச்சு வரை போய்விடுகிறது. எழுத்தளவை, அதாவது எழுத்து பெரியதா சிறியதா என்பதை, பார்ப்பவை எக்ஸாக்ட், ஃபைண்ட், சப்ஸ்டிட்யூட் போன்ற சிலவே. நான் பழைய பட்டியலையும் 'சீராக்கிய' பட்டியலையும் சமக்குறியால் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லா வரியிலும் 'ட்ரூ' வந்ததைக் கண்டு நிம்மதி அடைந்திருந்தேன். அந்த நிம்மதிக்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை. ஒப்பிட வேண்டிய முறை இதுதான் (ஏ-யில் மூலம், சி-யில் கணக்கிட்ட விடை):

=சம்ப்ராடக்ட்(--நாட்(எக்ஸாக்ட்(ஏ2:ஏ1200,சி2:சி1200)))

எத்தனை வரிகள் உண்மையில் மாறியிருக்கின்றன என்பதை இது எண்ணிச் சொல்லும். கலந்த எழுத்தில் வந்த வரிகளுக்கு மட்டும் இதை ஓட்டினால் விடை சுழியமாக இருக்க வேண்டும். சுழியம் இல்லையென்றால் தொடக்கூடாததைத் தொட்டிருக்கிறோம்.

மேலே ஏ2 என்று எழுதாமல் பி2 என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஏ மூலம், அதில் கை வைப்பதில்லை. பி என்பது சுத்தம் செய்த படி:

=ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகேர்(160)," "),யூனிகேர்(8217),"'"))

இணையப் படிவங்களிலிருந்து வரும் பெயர்களில் 160ஆம் எண்ணுள்ள 'பிரியா இடைவெளி' ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான், ஆனால் ட்ரிம் அதை நீக்காது. 8217 என்பது வளைந்த அபாஸ்ட்ரஃபி. கைபேசிகள் பெரும்பாலும் அதைத்தான் இடுகின்றன. நேர் அபாஸ்ட்ரஃபியும் அதுவும் விரிதாளுக்கு வெவ்வேறு எழுத்துகள் என்பதால், தேடும்போது ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே மேற்கொண்டு போக முடிந்தது. சுத்தம் செய்யும் இந்தப் படியை மட்டும் எல்லா வரிகளுக்கும் போட்டோம். எழுத்தளவை அது மாற்றுவதில்லை. மேலே சொன்ன எண்ணும் சூத்திரத்தில் ஏ-க்குப் பதில் பி-யை வைத்தால், இடைவெளி நீங்கிய வரிகள் கணக்கில் குறுக்கிடாது.

மெக், மாக்

எம்-சி எனத் தொடங்கும் பெயர்களுக்கு விதி கிட்டத்தட்ட உறுதியானது: மூன்றாம் எழுத்து பெரியது. ஆகவே இது போதும்:

=இஃப்(லெஃப்ட்(பி2,2)="எம்சி","எம்சி"&ப்ராப்பர்(மிட்(பி2,3,50)),ப்ராப்பர்(பி2))

முதல் மேற்கோளில் எழுத்தளவு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒப்பீடு அதைப் பார்ப்பதில்லை. இரண்டாவது மேற்கோளில் எம் பெரியதாகவும் சி சிறியதாகவும் இருந்தாக வேண்டும். அதுதான் அப்படியே அச்சுக்குப் போகிறது. மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கும் மீதிப் பகுதியை ப்ராப்பரிடம் புதுப் பெயரைப் போல ஒப்படைக்கிறோம். அது தன் விதிப்படி முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறது. இரட்டைப் பெயரின் முதல் பகுதியில் மெக் வந்தாலும் சரியாக வரும். இரண்டாம் பகுதியில் வந்தால் வராது.

எம்-ஏ-சி எனத் தொடங்கும் பெயர்களுக்கும் இதையே நீட்டித்துவிடலாம் என்று என்னுடன் வேலை செய்தவர் சொன்னார். நானும் ஒருகணம் ஆசைப்பட்டேன். உடனே மக்ரோன் நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் பெயரில் நடுவிலுள்ள ஆர் பெரிதாகிவிடும். போர்த்துகீசிய, ஸ்பானியப் பெயரான மச்சாடோவில் எச் பெரிதாகிவிடும். இவற்றை விதிவிலக்காக ஒதுக்கிவிடலாம் என்று அவர் சொன்னார். ஒதுக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது.

1867இல் கனடாவின் முதல் பிரதமரான ஜான் ஏ. மெக்டொனால்டின் குடும்பப்பெயரில் டி சிறியது. 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரான ராம்சே மெக்டொனால்டின் குடும்பப்பெயரில் டி பெரியது. இருவருக்கும் எம்-ஏ-சி-டி-ஓ-என்-ஏ-எல்-டி என அதே ஒன்பது எழுத்துகள், அதே வரிசை. பெரிய எழுத்தில் எழுதப்பட்ட பட்டியலில் இருவரும் ஒரே பெயர்க்காரர்கள். எவ்வளவு நீளமான சூத்திரம் எழுதினாலும், ஒரே உள்ளீட்டுக்கு அது ஒரே விடையைத்தான் தரும். ஒருவரைச் சரியாக்கினால் மற்றவர் தவறாவார். இந்த இரண்டு பிரதமர்களையும் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகு எங்களிடையே விவாதம் முடிந்தது. எம்-ஏ-சி எனத் தொடங்கி வடிவத்தை இழந்த பெயர்கள் அனைத்தையும் 'கேட்க வேண்டியவை' என்று மஞ்சள் நிறத்தில் குறித்தோம்.

வான், டி, மற்ற முன்சொற்கள்

இதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. ஓவியர் வின்சென்ட் வான் கோவின் 'வான்' சிறிய வியில் தொடங்குகிறது. ஐரோப்பிய கவுன்சிலின் முதல் முழுநேரத் தலைவராக இருந்த ஹெர்மன் வான் ராம்புயின் 'வான்' பெரிய வியில் தொடங்குகிறது. முன்னவர் நெதர்லாந்துக்காரர், பின்னவர் பெல்ஜியக்காரர். பெல்ஜியத்தில் குடும்பப்பெயர் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதப்படும். நெதர்லாந்தின் வழக்கம் வேறு: முன்னால் முதற்பெயரோ முதலெழுத்தோ இருந்தால் 'வான்' சிறியது. குடும்பப்பெயர் தனித்து நின்றால் அதே 'வான்' பெரியது.

இந்த இரண்டாவது வழக்கம் எங்கள் விரிதாளின் அமைப்பையே மாற்றியது. சான்றிதழில் முழுப்பெயர் வருகிறது, அங்கே சிறிய வி. வரவேற்புக் கடிதத்தின் விளிப்பில் குடும்பப்பெயர் மட்டும் வருகிறது, அங்கே பெரிய வி. அதே மனிதர், அதே நாள், இரண்டு தாள்களில் இரண்டு வடிவங்கள், இரண்டும் சரி. குடும்பப்பெயருக்கு ஒரே கட்டம் போதும் என்று நினைத்தது தவறு. 'முழுப்பெயரில்', 'தனித்து' என்று இரண்டு நெடுவரிசைகள் வைத்தோம். இவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் கையாலேயே நிரப்பினோம்.

'டி' என்ற முன்சொல்லும் அப்படித்தான். சார்லஸ் டி காலின் டி சிறியது. ராபர்ட் டி நீரோவின் டி பெரியது. முழுப்பெயரின் நடுவிலுள்ள முன்சொல்லை மொத்தமாகச் சிறிதாக்க சப்ஸ்டிட்யூட் உண்டு. இரு பக்கமும் இடைவெளியோடு தேட வேண்டும், இல்லையென்றால் வான் என்பதில் தொடங்கும் வேறு பெயர்களும் சிதையும். ஆனால் அதை ஓட்டுவதற்கு முன், யாருக்கு ஓட்டலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. ஓட்டவில்லை.

ஐரிஷ் பெயர் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அழகானது. 2011இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரான மைக்கேல் டி. ஹிகின்ஸின் குடும்பப்பெயரை ஐரிஷ் மொழியில் எழுதும்போது, 'ஓ'வுக்கு அடுத்த சொல் சிறிய எச்சில் தொடங்கி, இரண்டாம் எழுத்தான யு பெரிதாக வரும். அந்த எச் இலக்கணத்தால் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையான பெயர் யுவில்தான் தொடங்குகிறது. நம் சந்தியில் ஒற்று தோன்றுவதைப் போன்றதுதான் இது. ப்ராப்பருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை.

பெயர்ப்பட்டியல் என்ற சிறு கருவி

உறுதியாகத் தெரிந்த பெயர்களுக்கு எச் நெடுவரிசையில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்தோம். இதை எல்லோரும் இரண்டு நெடுவரிசைகளில் அமைப்பார்கள்: தவறான வடிவம் ஒன்று, சரியான வடிவம் ஒன்று. ஒன்றே போதும். விலுக்அப் எழுத்தளவைப் பார்க்காமல் தேடுகிறது, ஆனால் கண்டெடுத்ததை அது பட்டியலில் இருக்கும் வடிவிலேயே தருகிறது. ஆகவே சரியான வடிவத்தை மட்டும் எழுதிவைத்து, அந்த நெடுவரிசையிலேயே தேடி, அதையே விடையாகக் கேட்கலாம்:

=இஃப்எரர்(விலுக்அப்(பி2,$எச்$2:$எச்$80,1,ஃபால்ஸ்),ப்ராப்பர்(பி2))

முழுவதும் பெரியதாக வந்தாலும் சிறியதாக வந்தாலும் பட்டியலிலுள்ள வடிவம் கிடைக்கிறது. பட்டியலில் இல்லாத பெயர் மட்டும் ப்ராப்பரிடம் போகிறது. எக்செல் 2021இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் எக்ஸ்லுக்அப் இருக்கிறது, இஃப்எரர் இல்லாமலே இதைச் செய்துவிடும். எங்களில் ஒருவரிடம் பழைய பதிப்பு இருந்ததால் விலுக்அப்பிலேயே நின்றோம். இந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கலாம் என்பதற்கு ஒரே நிபந்தனை வைத்தோம்: அந்தப் பெயருக்கு வேறு வடிவம் இருக்கவே கூடாது. மெக்டொனால்டுக்கு அங்கே இடமில்லை.

'ஃப்ளாஷ் ஃபில்' வசதியையும் முயன்றோம். எக்செல் 2013இலிருந்து இருப்பது. இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்து மீதியைத் தானே நிரப்பும். எந்த விதியை அது ஊகித்தது என்று காட்டாது, மூலம் மாறினால் விடை மாறாது. மனிதர்களின் பெயர் விஷயத்தில், என்ன விதி என்று திறந்து பார்க்க முடியாத கருவியை நான் ஏற்கவில்லை.

கேட்டதும் கிடைத்ததும்

மஞ்சள் நிற வரிகள் எஞ்சின. கடவுச்சீட்டுக் கோப்பிலிருந்து வந்தவை, எம்-ஏ-சி பெயர்கள், முன்சொல் உள்ளவை. அவர்களுக்கு ஒரு வரிக் கேள்வி அனுப்பினோம்: 'உங்கள் பெயர் சான்றிதழில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள்.' முகாமிலேயே இருந்தவர்களிடம் தாளைக் கொடுத்து எழுதி வாங்கினோம். பதில்கள் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தன. பலர் நன்றி சொல்லியிருந்தார்கள். தங்கள் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறுத்தக்குறி இல்லாமல் வந்த ஐரிஷ் பெயர்கள் தங்கள் அபாஸ்ட்ரஃபியைத் திரும்பப் பெற்றன.

அந்தப் பதில்களை டி நெடுவரிசையில், 'உறுதி செய்தது' என்ற தலைப்பின் கீழ், நகலெடுத்து ஒட்டினோம். மறுபடி தட்டச்சு செய்யவில்லை. கணக்கிட்ட விடை சி நெடுவரிசையில் இருந்தது. முதலில் நான் எழுதிய இறுதிச் சூத்திரம், டியில் உள்ள பதிலையும் எழுத்தளவுச் சோதனை வழியாக அனுப்பிவிட்டு எடுத்துக்கொண்டது. அவசரத்தில் யாராவது முழுவதும் சிறிய எழுத்தில் பதில் எழுதியிருந்தால் சீராக்கிவிடலாம் என்ற எண்ணம்.

கடைசி மாலையில் வந்த பதில் ஒன்று அதை மாற்ற வைத்தது. பெயர் முழுவதும் சிறிய எழுத்துகளில் இருந்தது. அடுத்த வரியில், தான் எப்போதும் இப்படித்தான் எழுதுவதாகவும், தயவுசெய்து முதல் எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்றும் குறிப்பு இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸும் தன் பெயரை அப்படித்தான் எழுதினார். என் சோதனைச் சூத்திரத்தைப் பொறுத்தவரை அது வடிவத்தை இழந்த பெயர். ஒரு நொடியில் இரண்டு பெரிய எழுத்துகளைச் சேர்த்துவிட்டிருக்கும்.

சோதனையை டியிலிருந்து எடுத்துவிட்டேன். சான்றிதழ்கள் அச்சான கோப்பில் ஈ நெடுவரிசை இப்படி இருக்கிறது:

=இஃப்(டி2<>"",டி2,சி2)